தூதர் வீட்டுக் கார் மோதினால் வழக்கு உண்டா?

கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். கீழே காரவள்ளி, மேலே சோளக்காடு. ஒவ்வொரு வளைவிலும் பஸ் டிரைவர் ஹாரன் அடித்துத்தான் திரும்புகிறார். இறங்கி வரும் வண்டி, ஏறி வரும் வண்டிக்கு வழி விட வேண்டும் என்பது மலைச் சாலையின் விதி. பலாப்பழமும் அன்னாசியும் ஏற்றிக்கொண்டு சந்தையிலிருந்து இறங்கும் வேனுக்கும் அதே விதி. அறப்பளீசுவரரைத் தரிசிக்கக் குடும்பத்தோடு வருகிறவரின் காருக்கும் அதே விதி.

விதியை மீறி ஓர் உயிர் போய்விட்டால்? போலீஸ் வரும். டிரைவரைப் பிடிக்கும். வண்டி ஸ்டேஷன் வாசலில் நிற்கும். கோர்ட்டில் வழக்கு நடக்கும். நாமக்கல் மாவட்டத்தில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். லாரித் தொழிலுக்குப் பெயர்போன மாவட்டம் அல்லவா!

ஆனால் ஒரு வகைக் கார் இருக்கிறது. அதன் நம்பர் பலகை நீல நிறம். அதில் வெள்ளை எழுத்தில் 'சி.டி.' என்று எழுதியிருக்கும். அயல்நாட்டுத் தூதரகத்தின் கார் என்பது அதன் அர்த்தம். சாலை விதி அந்தக் காருக்கும் உண்டு. ஆனால் அந்தத் தூதர் விதியை மீறினால் அவர்மேல் நம் நாட்டுக் கோர்ட்டில் வழக்குத் தொடர முடியாது!

ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஆடி மாதம். வல்வில் ஓரி விழா. அதைப் பார்க்க டெல்லியிலிருந்து ஒரு தூதரக அதிகாரி மனைவி மக்களோடு மலைக்கு வருகிறார். அவருடைய நாட்டில் வண்டிகள் சாலையின் வலது பக்கமாகப் போகும். நம் நாட்டில் இடது பக்கம். ஒரு வளைவில் பழக்க தோஷத்தால் வலது பக்கமாகவே திருப்பிவிடுகிறார். எதிரே மோட்டார் சைக்கிளில் ஒரு பையன் வருகிறான்...

இது கற்பனை. கொல்லிமலையில் இப்படி நடக்கவில்லை. ஆனால் இங்கிலாந்தில் ஏறக்குறைய இதே மாதிரி நடந்தது. அந்த வழக்கு மூன்று ஆண்டுக் காலம் இரண்டு பெரிய நாடுகளையும் ஆட்டி வைத்தது.

எதிர்ப் பக்கத்தில் வந்த கார்

2019 ஆகஸ்டு 27-ந் தேதி இரவு. நார்தாம்ப்டன்ஷயர் என்ற பகுதியில் குரோட்டன் என்று ஒரு கிராமம். அங்கே பிரிட்டிஷ் விமானப் படையின் பெயரில் ஒரு தளம் இருக்கிறது. பெயர்தான் பிரிட்டிஷ், அதை நடத்துவது அமெரிக்கர்கள்.

அந்தத் தளத்தின் வாசலிலிருந்து ஒரு கார் வெளியே வந்தது. ஓட்டியவர் ஆன் சக்கூலஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி. அவருடைய கணவர் அந்தத் தளத்தில் அமெரிக்க சர்க்கார் ஊழியர். குடும்பம் இங்கிலாந்துக்கு வந்து சில வாரங்களே ஆகியிருந்தன. இங்கிலாந்திலும் நம்மைப் போல இடது பக்கம்தான் ஓட்ட வேண்டும். பெண்மணியோ அமெரிக்காவில் ஓட்டுவது போல வலது பக்கமாகவே போனார். எதிரே மோட்டார் சைக்கிளில் வந்தான் ஹாரி டன் என்ற 19 வயது வாலிபன். கார் மோதியது. ஹாரி இறந்துபோனான்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்தப் பெண்மணி இடித்துவிட்டு ஓடிவிடவில்லை. அங்கேயே நின்றார். தவறான பக்கத்தில் ஓட்டி வந்ததைப் போலீசாரிடம் ஒப்புக்கொண்டார். அன்றைக்கு விஷயம் அவ்வளவுதான். ஒரு பெரிய தவறு. ஒரு பெரிய துயரம். இப்படிப்பட்ட விபத்துகள் எல்லா நாட்டிலும் நடக்கின்றன.

பிறகு நடந்ததுதான் விவகாரம். அவருக்குத் தூதர் விலக்குரிமை உண்டு என்று அமெரிக்கா சொன்னது. அதாவது, பிரிட்டிஷ் கோர்ட்டு அவரைக் கூப்பிட முடியாது. அந்த உரிமையை விட்டுக்கொடுங்கள் என்று பிரிட்டிஷ் சர்க்கார் கேட்டது. அமெரிக்கா மறுத்தது. செப்டம்பர் 15-ந் தேதி, அதாவது விபத்து நடந்த 19-ம் நாள், அந்தப் பெண்மணி குடும்பத்தோடு விமானம் ஏறி அமெரிக்கா போய்ச் சேர்ந்தார்.

பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோர் நிலையை யோசித்துப் பாருங்கள். மோதியவர் யார் என்று தெரியும். தவறு யாருடையது என்று தெரியும். கேட்பதற்குத்தான் இடமில்லை.

யார் கண்டுபிடித்தது இந்த விலக்கு?

"இது என்ன அநியாயச் சட்டம்? யார் செய்தது?" என்று கேட்கத் தோன்றும். உண்மையில் இது மிகப் பழைய சட்டம். நமக்குக் கதையாகவே தெரியும்.

இலங்கைக்குத் தூது போன அனுமனைக் கொன்றுவிட இராவணன் உத்தரவிட்டான். தூதனைக் கொல்வது தர்மம் அல்ல என்று தடுத்தவன் யார்? இராவணனின் சொந்தத் தம்பி விபீஷணன். அனுமன் அசோக வனத்தை அழித்திருக்கிறான்; அரக்க வீரர்களைக் கொன்றிருக்கிறான். ஆனாலும் உயிரை எடுக்கக் கூடாது என்றான் விபீஷணன். வாலில் தீ வைத்ததோடு விட்டார்கள். அது இலங்கைக்கே வினையாய் முடிந்தது வேறு கதை.

கொல்லிமலைக்காரர்களுக்கு இன்னும் பக்கத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. கொல்லியை ஆண்டவன் ஓரி. தகடூரை, அதாவது இன்றைய தர்மபுரியை, ஆண்டவன் அதியமான். காஞ்சியின் தொண்டைமானோடு சண்டை மூளும் போல் இருந்தபோது, அதியமான் ஒளவையாரைத் தூது அனுப்பினான். தொண்டைமான் தன் ஆயுதசாலையைப் பெருமையோடு காட்டினான். ஒளவையோ புகழ்வது போல இகழ்ந்துவிட்டு வந்தார். புறநானூற்றில் அந்தப் பாட்டு இருக்கிறது. எதிரியின் அரண்மனையில் நின்றுகொண்டு, அவனையே குத்திக்காட்டிப் பேசும் துணிச்சல் ஒரு மூதாட்டிக்கு எப்படி வந்தது? தூது வந்தவரின் மேல் கை வைக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கை இல்லாமல் வந்திருக்குமா? திருவள்ளுவர் தூதுக்கென்றே ஓர் அதிகாரம் ஒதுக்கியிருக்கிறார்.

தூதனை அடித்தால் அடுத்த தூதன் வரமாட்டான். தூதன் வராவிட்டால் பேச்சு நடக்காது. பேச்சு நடக்காவிட்டால் படைதான் நடக்கும். ஆகவே எல்லா நாடுகளும் இந்த வழக்கத்தைக் காப்பாற்றி வந்தன.

1961 ஏப்ரல் 18-ந் தேதி, ஆஸ்திரிய நாட்டின் தலைநகரான வியன்னாவில், இந்த வழக்கம் எழுத்தில் வந்தது. அதுதான் வியன்னா ஒப்பந்தம். 1965-ல் இந்தியாவும் அதில் சேர்ந்தது. 1972-ல் நம் பார்லிமெண்டு அதற்காகவே ஒரு சட்டம் இயற்றியது.

அந்த ஒப்பந்தம் சொல்வது இதுதான். தூதரைக் கைது செய்யக் கூடாது. அவர்மேல் கிரிமினல் வழக்குப் போடக் கூடாது. அவரோடு வசிக்கும் மனைவி மக்களுக்கும் அதே பாதுகாப்பு உண்டு. ஆனால் அதே ஒப்பந்தத்தில் வேறு சில வரிகளும் இருக்கின்றன. அவற்றைப் பலர் படிப்பதில்லை. போயிருக்கிற நாட்டின் சட்டத்தை மதித்து நடப்பது தூதரின் கடமை. இங்கே வழக்கு இல்லை என்பதற்காக அவருடைய சொந்த நாட்டின் கோர்ட்டிலிருந்து அவர் தப்பிவிட முடியாது. அனுப்பிய நாடு விரும்பினால் விலக்குரிமையை விட்டுக்கொடுக்கலாம்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. விட்டுக்கொடுக்கும் அதிகாரம் தூதருக்கு இல்லை. அவருடைய சர்க்காருக்கே உண்டு. ஏனென்றால் அந்த உரிமை ஆளுக்குக் கொடுத்தது அல்ல. அவர் பார்க்கும் தூது வேலைக்குக் கொடுத்தது.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால், குரோட்டனில் நடந்தது எவ்வளவு கோணல் என்பது விளங்கும். ஒரு குடும்பத் தலைவி வீட்டுக் காரை ஓட்டிக்கொண்டு போனார். அதில் எந்த ராஜாவின் ஓலை இருந்தது?

கணவருக்கு இல்லை, மனைவிக்கு உண்டு!

இன்னும் வேடிக்கை கேளுங்கள். குரோட்டன் தளத்து ஊழியர்களைப் பற்றி 1995-ல் பிரிட்டனும் அமெரிக்காவும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டிருந்தன. வேலைக்குச் சம்பந்தமில்லாத குற்றம் செய்தால் அந்த ஊழியர்களுக்கு விலக்கு கிடையாது என்று அமெரிக்கா அப்போதே ஒப்புக்கொண்டிருந்தது. ஊழியர் என்று எழுதினார்கள். ஊழியரின் குடும்பத்தைப் பற்றி எழுதவில்லை. ஆகவே அன்றைக்குக் கணவர் காரை ஓட்டியிருந்தால் வழக்கு உண்டு. மனைவி ஓட்டியதால் வழக்கு இல்லை!

ஹாரியின் பெற்றோர் லண்டன் ஹைகோர்ட்டுக்குப் போனார்கள். 2020 நவம்பரில் தீர்ப்பு வந்தது. எழுதியிருக்கிறபடி பார்த்தால் அந்தப் பெண்மணிக்கு விலக்குரிமை இருந்தது என்றே கோர்ட்டு சொல்ல வேண்டியதாயிற்று.

ஆனால் பெற்றோர் சும்மா இருக்கவில்லை. அமெரிக்காவுக்கே போனார்கள். 2019 அக்டோபரில் ஜனாதிபதி டிரம்ப் அவர்களை வெள்ளை மாளிகைக்கு அழைத்தார். போன இடத்தில் ஒரு திடுக்கிடும் சமாசாரம் காத்திருந்தது. அந்தப் பெண்மணி அடுத்த அறையில்தான் இருக்கிறார், பார்க்கிறீர்களா என்று ஜனாதிபதி கேட்டார்! பெற்றோர் மறுத்துவிட்டார்கள். பத்திரிகைக்காரர்களும் காமிராக்களும் சூழ்ந்த மாளிகையில், கைகுலுக்கிச் சமாதானமாகிவிட்டது என்று படம் பிடித்துக்கொள்ளவா அவ்வளவு தூரம் போனார்கள்? பெண்மணி இங்கிலாந்து கோர்ட்டில் பதில் சொல்ல வேண்டும் என்பதே அவர்கள் கேட்டது. மறுத்தது சரி என்பதே நம் அபிப்பிராயம்.

2019 டிசம்பரில் பிரிட்டிஷ் அதிகாரிகள் அந்தப் பெண்மணிமேல் குற்றம் சாட்டினார்கள். அவரை அனுப்பி வையுங்கள் என்று கேட்டார்கள். 2020 ஜனவரியில் அமெரிக்கா முடியாது என்றது. நஷ்டஈடு வழக்கு மட்டும் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்துக் கோர்ட்டுக்குப் போய், 2021-ல் சமரசமாக முடிந்தது.

கடைசியில் 2022 அக்டோபர் 20-ந் தேதி, அந்தப் பெண்மணி அமெரிக்காவில் இருந்தபடியே வீடியோ மூலம் லண்டன் கோர்ட்டில் ஆஜரானார். கவனக்குறைவாக ஓட்டி மரணம் விளைவித்த குற்றத்தை ஒப்புக்கொண்டார். டிசம்பர் 8-ந் தேதி தண்டனை. நீதிபதி சீமா-கிரப். இந்திய வம்சாவளிப் பெண்மணி. பிரிட்டனில் ஹைகோர்ட் நீதிபதியான முதல் ஆசியப் பெண். 8 மாதச் சிறை விதித்து, அதை 12 மாதத்துக்கு நிறுத்தி வைத்தார். அதாவது, அந்தக் காலத்தில் வேறு குற்றம் செய்யாவிட்டால் சிறைக்குப் போக வேண்டியதில்லை. 12 மாதம் கார் ஓட்டவும் தடை. தண்டனைக்காவது நேரில் வாருங்கள் என்று நீதிபதி சொல்லியிருந்தார். பெண்மணி வரவில்லை. வர வேண்டாம் என்று ஆலோசனை சொன்னது அமெரிக்க சர்க்கார்.

இந்தத் தண்டனைக்கா மூன்று ஆண்டுப் போராட்டம் என்று சிலர் கேட்கலாம். அவரைச் சிறையில் தள்ள வேண்டும் என்பது பெற்றோரின் பிடிவாதம் அல்லவே. பிள்ளை எப்படிச் செத்தான் என்று ஒரு கோர்ட்டில் எழுத்தில் வர வேண்டும். மோதியவர் "ஆம், என் தவறு" என்று சொல்ல வேண்டும். அது நடந்தது.

கொடுத்த நாடும் ஒளித்த மனிதரும்

இதற்கு மாறாகவும் நடந்திருக்கிறது. 1997 ஜனவரி 3-ந் தேதி, அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில், ஜார்ஜியா நாட்டின் தூதரக அதிகாரி கியோர்கி மகாரட்ஸே குடித்துவிட்டு அதி வேகமாகக் கார் ஓட்டினார். 16 வயதுப் பெண் ஒருத்தி இறந்தாள். ஜார்ஜியா அப்போதுதான் ரஷ்யப் பிடியிலிருந்து பிரிந்த ஏழை நாடு. அமெரிக்காவின் தயவு வேண்டிய நாடு. அதன் ஜனாதிபதி ஷெவர்நாட்ஸே விலக்குரிமையை விட்டுக்கொடுத்தார். அதிகாரி வாஷிங்டன் கோர்ட்டிலேயே குற்றத்தை ஒப்புக்கொண்டு, 7 முதல் 21 ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்றார்.

சிறிய நாடு பெரிய நாட்டுக்கு விட்டுக்கொடுத்தது. பெரிய நாடு நட்பு நாட்டுக்குக்கூட விட்டுக்கொடுக்கவில்லை. இதை நாம் சொல்லாமல் வாசகர்களே பார்த்துக்கொள்ளலாம்.

நம்மவர் நிறையப் பேர் வாழும் சிங்கப்பூரிலும் ஒரு சம்பவம் உண்டு. 2009 டிசம்பர் 15-ந் தேதி விடிவதற்கு முன், புக்கிட் பாஞ்சாங் பகுதியில் ருமேனியத் தூதரகக் கார் ஒன்று அடுத்தடுத்து மூன்று பேரை மோதிவிட்டு நிற்காமல் போய்விட்டது. ஒருவர், மலேசியாவைச் சேர்ந்த 30 வயதுக்காரர், சில நாட்களில் இறந்தார். தூதரகத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்த சில்வியு அயொனெஸ்கு, "என் கார் திருடு போய்விட்டது" என்றார்! மூன்றாம் நாள் சொந்த நாட்டுக்குக் கிளம்பிப் போய்விட்டார்.

சிங்கப்பூர் விடவில்லை. ஆளே இல்லாமல் மரண விசாரணை நடத்தியது. சாட்சிகளைக் கூப்பிட்டது. காரை ஓட்டியவர் அவர்தான் என்று 2010-ல் முடிவு சொன்னது. அந்தச் சாட்சியங்கள் ருமேனியாவுக்குப் போயின. ருமேனியா தன் சொந்தக் கோர்ட்டிலேயே அவர்மேல் வழக்கு நடத்தியது. முதலில் 3 ஆண்டுச் சிறை. அப்பீலில் அது 6 ஆண்டாயிற்று. 2014 டிசம்பரில் அவர் சிறையிலேயே இறந்துபோனார்.

விலக்குரிமை என்பது மன்னிப்பு அல்ல என்பதற்கு இந்த வழக்கே சாட்சி. கோர்ட்டு வேறு ஊருக்கு மாறுகிறது, அவ்வளவுதான். ஆனால் மாறிய ஊரில் கோர்ட்டைத் திறப்பதற்கு அந்த ஊர் சர்க்காருக்கு மனம் வேண்டும்.

ஒழித்துவிடலாமா?

அப்படியானால் இந்த விலக்கையே ஒழித்துவிட்டால் என்ன? நம் வீட்டுப் பிள்ளை தூதராகப் போயிருப்பதாக நினைத்துக்கொண்டு பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது. நம்மோடு பகைமை பாராட்டும் ஒரு நாட்டின் தலைநகரில் அவர் இருக்கிறார். "உன் கார் ஒருவர்மேல் மோதியது" என்று ஒரு பொய் வழக்குப் போட்டு அவரைச் சிறையில் அடைக்க எவ்வளவு நேரம் ஆகும்? 2013 டிசம்பரில் நியூயார்க்கில் நம் துணைக் கன்சல் ஜெனரலான பெண் அதிகாரியை, வீட்டு வேலைக்காரியின் விசா, சம்பளம் பற்றிய வழக்கில் கைது செய்து, ஆடை களைந்து சோதனை போட்டார்கள். இந்தியாவே கொதித்தது. டெல்லியில் அமெரிக்கத் தூதரகத்தின் வாசலிலிருந்த தடுப்புகளைக்கூட எடுத்துவிட்டார்கள். அன்றைக்கு விலக்குரிமை வேண்டும் என்று உரக்கச் சொன்னவர்கள் நாம்தான்.

ஆகவே ஒழிப்பது தீர்வு அல்ல. எல்லையைக் குறுக்குவதுதான் தீர்வு. குரோட்டனில் அதைத்தான் செய்தார்கள். 2020 ஜூலையில் அந்தப் பழைய ஏற்பாடு திருத்தப்பட்டது. இப்போது அந்தத் தளத்து ஊழியர்களின் குடும்பத்தாருக்கும் அப்படிப்பட்ட குற்றங்களில் விலக்கு கிடையாது. ஹாரியின் வழக்குக்கு அது உதவவில்லை. அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு உதவும்.

2024-ல் இங்கிலாந்தில் ஹாரியின் மரண விசாரணையும் முடிந்தது. அந்த நாட்டுச் சாலையில் ஓட்ட அந்தப் பெண்மணிக்குத் தகுந்த பயிற்சி தரப்படவில்லை என்பது அங்கே வெளியாயிற்று. தூதருக்கு மாளிகை கொடுக்கிறார்கள், கார் கொடுக்கிறார்கள். எந்தப் பக்கம் ஓட்ட வேண்டும் என்று இரண்டு நாள் சொல்லிக்கொடுக்கக் கூடாதா?

லாரி டிரைவருக்கு ஒரு விதி

நாமக்கல்லிலிருந்து லாரி ஓட்டிக்கொண்டு அஸ்ஸாமுக்கும் காஷ்மீருக்கும் போகிறவர்கள் உண்டு. பாஷை தெரியாத ஊரில் விபத்து நடந்தால், ஜாமீனுக்கு ஆள் தேடி அலைய வேண்டியது இவர்கள் கதி. 2024 ஜூலை 1-ந் தேதி அமலுக்கு வந்த புதிய குற்றச் சட்டத்தில், கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் 5 ஆண்டு வரை சிறை. பழைய சட்டத்தில் 2 ஆண்டு. இடித்துவிட்டுச் சொல்லாமல் ஓடினால் 10 ஆண்டு வரை என்று ஒரு பிரிவும் எழுதினார்கள். அடிக்க வரும் கூட்டத்துக்குப் பயந்துதானே ஓடுகிறோம் என்று 2024 ஜனவரியில் நாட்டின் பல பாகங்களில் லாரி டிரைவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சட்டம் அமலானபோது அந்த ஒரு பிரிவை மட்டும் நிறுத்தி வைத்தது சர்க்கார். அதே சாலையில் போகும் நீலப் பலகைக் காரை நினைக்கும்போது, லாரி டிரைவருக்கு மனம் கசந்தால் ஆச்சரியம் இல்லை.

'சி.டி.'யா, 'சி.சி.'யா?

கொல்லிமலைக்குத் திரும்புவோம். இங்கே நீலப் பலகைக் கார் வருமானால், அது டெல்லியிலிருந்து வருவதைவிடச் சென்னையிலிருந்து வருவதற்கே வாய்ப்பு அதிகம். சென்னையில் அமெரிக்கா, ஜப்பான், ஜெர்மனி, சிங்கப்பூர், மலேசியா முதலிய நாடுகளின் அலுவலகங்கள் இருக்கின்றன. ஆனால் அவை தூதரகங்கள் அல்ல, துணைத் தூதரகங்கள். அங்கே இருப்பவர் கன்சல். அவருடைய காரில் 'சி.சி.' என்று எழுதியிருக்கும்.

ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். சட்டத்தில் அது மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். கன்சல்களுக்கு 1963-ல் வியன்னாவிலேயே செய்த வேறு ஒப்பந்தம் இருக்கிறது. அதன்படி, அலுவலக வேலையாகச் செய்த காரியத்துக்கு மட்டுமே அவருக்கு விலக்கு. ஞாயிற்றுக்கிழமை அருவி பார்க்க வந்தது அலுவலக வேலை ஆகாது. வழக்கு உண்டு. கடுமையான குற்றமானால், கோர்ட்டு உத்தரவோடு கைதும் செய்யலாம். சில நாடுகளுக்கு மட்டும் தனி உடன்பாட்டில் கூடுதல் சலுகை இருக்கக்கூடும். கார் மோதி ஏற்பட்ட நஷ்டத்துக்கு ஈடு கேட்கும் வழக்கில், அலுவலக வேலையாகவே வந்திருந்தாலும், விலக்கு கிடையாது என்று அந்த ஒப்பந்தத்தில் தனியாகவே எழுதியிருக்கிறார்கள். காரை இன்ஷ்யூர் செய்ய வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. பாதிக்கப்பட்ட குடும்பம் மற்றவர்களைப் போலவே மோட்டார் விபத்து நஷ்டஈட்டுக் கோர்ட்டுக்குப் போகலாம்.

'சி.டி.' காரானால் வழி நீளம். தூதர்மேல் இங்கே நஷ்டஈட்டு வழக்குப் போடவும் மத்திய சர்க்காரின் சம்மதம் வேண்டும். அப்போதும் போலீசில் புகார் கொடுத்து, பதிவு செய்த நகலை வாங்கிக்கொள்ள வேண்டும். டிரைவர் தூதரா, அவர் அமர்த்திய நம் ஊர்க்காரரா என்று கேட்டு எழுதச் சொல்ல வேண்டும். நம் நாட்டுப் பிரஜையான சம்பள டிரைவருக்குத் தூதரின் விலக்கு கிடையாது. நம்பர் பலகையில் முதலில் வரும் எண், அது எந்த நாட்டின் கார் என்பதைக் காட்டும். அந்த எண்ணையும், நடுவில் இருக்கும் இரண்டு எழுத்தையும், கார் நகர்வதற்குள் குறித்துக்கொள்ள வேண்டும்.